ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர்: வளிமண்டலச் சுவர்ப்படம் வாங்கலாமா?

ஒன்பதாம் வகுப்புக்கு வளிமண்டலப் பாடம் நடத்தும்போது, போன வருஷம் வரை கரும்பலகையில் ஐந்து பட்டைகள் வரைவேன். ஐந்தும் ஒரே தடிமனில், டிபன் கேரியர் மாதிரி. பிள்ளைகள் மனதிலும் அப்படியே பதிந்துவிடும். அது சரியில்லை என்று தேடியபோதுதான் இந்தச் சுவர்ப்படம் இணையத்தில் கிடைத்தது. விலை 650 ரூபாய், அனுப்பும் செலவு தனி. வினைல் துணி, மேலும் கீழும் பிளாஸ்டிக் கம்பி.

இதை வாங்கக் காரணம் ஒன்றுதான்: எல்லாமே அளவுப்படி இருக்கிறது. 1 செ.மீ. என்றால் 1 கி.மீ., 120 வரை போகிறது. எவரெஸ்ட் 9 செ.மீ. கூட இல்லை. தரையை ஒட்டிய கீழடுக்குக்கு மேலே உள்ள மீள் அடுக்கு 50-இல் முடிகிறது, அதற்கும் மேலுள்ள இடையடுக்கு 85-இல். எரிகற்களின் கோடுகள் 80-க்கும் 100-க்கும் நடுவில். அதற்கு மேல் வெப்ப அடுக்கின் தொடக்கம் மட்டும் தெரிகிறது. அடுக்குகளின் பெயர்கள் பாடநூலில் உள்ளபடியே இருப்பது பெரிய நிம்மதி.

கீழ்விளிம்பு தரையைத் தொடும்படி மாட்டினேன். ஒரு மாணவியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். எவரெஸ்ட் அவள் கணுக்கால் பக்கம் வந்தது. மொத்தக் காற்றில் பாதி 5.5 கிலோமீட்டருக்குக் கீழேயே இருக்கிறது என்று சொல்லி, அங்கே விரலை வைத்தேன். உலகிலேயே உயரத்தில் இருக்கும் ஊர், பெரு நாட்டின் லா ரின்கோனாடா, ஏறக்குறைய 5,100 மீட்டர். "அப்போ எல்லா மனுஷங்களும் கட்டைவிரல் உயரத்துக்குள்ளயா இருக்கோம், டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்தது. இத்தனை வருஷம் இந்தப் பாடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

அப்புறம் கேள்விகள் கொட்டின. சர்வதேச விண்வெளி நிலையம் எங்கே? 400 கி.மீ., அதாவது 4 மீட்டர். எங்கள் வகுப்பறைக் கூரையைத் தாண்டி. பூமியின் மையம்? ஒரு பையன் தானே கணக்குப் போட்டுச் சொன்னான்: தரைக்குக் கீழே 64 மீட்டர்.

இனி குறைகள். கீழடுக்கின் எல்லை 12 கி.மீ. என்றும், அங்கே வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். ஐரோப்பா மாதிரியான இடங்களுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். எங்கள் திருநெல்வேலியின் தலைக்கு மேல் பொருந்தாது. வெப்பமண்டலத்தில் தரை அதிகம் சூடாவதால் காற்று வேகமாக மேலே ஏறுகிறது. எல்லை 16, 17 கி.மீ.க்குப் போய்விடுகிறது, குளிரும் மைனஸ் 80-ஐத் தொடுகிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஏறும் காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிரில்தான் பனித்துகளாகிக் கீழேயே நின்றுவிடுகிறது. அது தப்பி மேலே போனால் புற ஊதாக் கதிர் நீரைப் பிளந்துவிடும், லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குப் போய்விடும். பூமியின் கடல் இத்தனை கோடி ஆண்டுகள் வற்றாமல் இருப்பதில் அந்தக் குளிருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பிள்ளைகளுக்கு விற்கிற படத்தில் நம் வானம் இருக்க வேண்டாமா? விற்பனையாளருக்கு எழுதினேன், அடுத்த அச்சில் பார்ப்பதாகச் சொன்னார்கள். அதுவரை 17 செ.மீ.யில் சிவப்புத் தாள் ஒன்றை நானே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஓசோனைக் கெட்டியான நீலப் பட்டையாக வரைந்திருப்பதும் தவறான எண்ணத்தைத் தரும். மீள் அடுக்கில் அந்தப் பட்டை இருக்கும் உயரத்திலும் ஓசோன் மிகச் சொற்பம்தான். நம் தலைக்கு மேலுள்ள அத்தனை ஓசோனையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 3 மில்லிமீட்டர் வரும். அந்த 3 மில்லிமீட்டர்தான் புற ஊதா பி கதிரில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. கதிரை உறிஞ்சிச் சூடாகி மீள் அடுக்குக்கு வெப்பம் தருவதும் அதுவே. அந்தச் சூடான காற்று மூடி போல இருப்பதால்தான் ஐப்பசி இடிமேகம் மேலே போக முடியாமல் உச்சியில் தட்டையாக விரிகிறது. படத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

பலூன், ராக்கெட் படங்கள் அழகு. ரேடார் இல்லை. எங்கள் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் ஆய்வகத்தில் 80, 90 கி.மீ. உயரத்துக் காற்றை ரேடாரால் அளக்கிறார்கள் என்று நான்தான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

பளபளப்பு அதிகம், ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. சுருட்டி வந்த மடிப்பு இரண்டு நாளில் சரியானது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வாங்கினால் ஆணியை 130 செ.மீ. உயரத்தில் அடியுங்கள், அப்போதுதான் கடல் மட்டம் தரையில் வரும்.