எந்தப் பைத்தியக்கார விஞ்ஞானியை முதலில் பார்ப்பது?

பழைய ஹாலிவுட் திகில் படங்களில் பெண்கள், பிற இனத்தவர், ஒதுக்கப்பட்டவர்கள் என யாருக்கு என்ன இடம் கிடைத்தது என்று பார்க்க ஒரே ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால், போட்டி இரண்டுக்குத்தான்: 1932இன் ‘ஐலண்ட் ஆஃப் லாஸ்ட் சோல்ஸ்’, 1935இன் ‘பிரைட் ஆஃப் பிராங்கன்ஸ்டைன்’.

நீளம்: இரண்டுமே ஒன்றேகால் மணி நேரத்துக்குள்.

பெண்கள்: ‘பிரைட்’டில் தலைப்பே மணப்பெண்தான், விஞ்ஞானி பிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய ராட்சதனுக்காகச் செய்யப்படுபவள். ஆனால் அவள் வருவது கடைசிச் சில நிமிடங்கள். பேச்சு கிடையாது, அலறலும் சீறலும்தான். அவளாக நடித்த எல்சா லான்செஸ்டர் அதற்குள்ளேயே தனக்குக் கட்டிவைக்கப் பார்த்த ராட்சதனை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். ‘ஐலண்ட்’டில், மிருகங்களை மனிதராக்கும் விஞ்ஞானி மோரோ சிறுத்தையிலிருந்து உருவாக்கிய பெண் லோட்டாவுக்குக் காட்சிகள் அதிகம், விருப்பத்தைக் கேட்பாரில்லை.

இனம்: இங்கே ‘ஐலண்ட்’தான் கனமானது. வெள்ளை உடுப்பு, கையில் சாட்டை, தீவில் தானே சட்டம் என்று திரியும் மோரோ அசல் காலனி துரை. லோட்டாவைப் பாலினேசியப் பெண் என்று அறிமுகப்படுத்துகிறார். நடித்தவர் சிகாகோவின் வெள்ளைக்காரப் பெண் கேத்லீன் பர்க். ஜப்பானில் பிறந்த டெட்சு கோமாய்க்குக் கிடைத்ததோ மிருக மனித வேலைக்காரன் வேடம். படம் துரையைத் திட்டிக்கொண்டே துரைத்தனமும் செய்கிறது. ‘பிரைட்’டில் இந்தப் பேச்சே இல்லை, ஊர் முழுக்க வெள்ளை முகங்கள்.

கேமராவுக்குப் பின்னால்: ‘பிரைட்’டின் இயக்குநர் ஜேம்ஸ் வேல் தன்பாலீர்ப்பாளர், அதை மறைத்து வாழாதவர். பார்வையற்ற துறவி ராட்சதனுக்கு ரொட்டியும் சுருட்டும் கொடுத்துப் பேசக் கற்றுத்தரும் குடிசைக் காட்சியில், ஒதுக்கப்பட்டவர்கள் மீதான அவருடைய பரிவு தெரிகிறது. (மோரோவாக நடித்த சார்லஸ் லாட்டன் லான்செஸ்டரின் கணவர். என்ன குடும்பமோ!)

சரி, காலனியமும் இனமும் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் ‘ஐலண்ட்’. பாலினம், தனிமை, ஒதுக்கம் என்றால் ‘பிரைட்’. சும்மா ரசிக்க மட்டும் என்றால் என் ஓட்டு அந்தக் குடிசைக்குத்தான்.