20 கேஜ் ஸ்லக் துப்பாக்கி: பல சீசன் கழித்து என் பதில்

"அண்ணே, ரைஃப்ளிங் வெட்டின குழலோட 20 கேஜ் போல்ட் ஆக்‌ஷன் ஒண்ணு விலை இறங்கியிருக்கு. மானுக்கு எடுக்கலாமா?" அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டனில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார். அதே வகைத் துப்பாக்கியைத்தான் பல வருடமாக ஒஹாயோவில் மான் சீசனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். இது ஷாட்கன் வகை, ரைஃபிள் இல்லை. கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறியது. ரைஃப்ளிங் என்பது குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டும் சுருள் பள்ளம். ஸ்லக் என்பது சிதறு குண்டுகளுக்குப் பதிலாகப் போடும் ஒற்றைக் குண்டு. போல்ட் ஆக்‌ஷன் என்றால் பக்கக் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றுவது, பம்ப் என்றால் முன்பிடியை இழுத்துத் தள்ளி ஏற்றுவது. துப்பாக்கி மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதற்குப் போட வேண்டிய தோட்டாவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 20 கேஜ் என்றால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான் என்று சொல்லும் ஆள் எந்த ரேஞ்சுக்குப் போனாலும் இருக்கிறார். ஒரு அவுன்ஸ் ஈயத்தை நொடிக்கு 1,600 அடி வேகத்தில் தள்ளும் 12 கேஜ் பம்ப் துப்பாக்கியைப் பெஞ்சில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். நாலாவது தோட்டாவுக்குள் தோள் தானாகப் பின்வாங்கும், கண் மூடும், குறி கெடும். என் 20 கேஜில் போகும் சேபோ ஸ்லக் (பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த குண்டு) 260 கிரெய்ன் எடை, அதாவது ஏறக்குறைய 17 கிராம், நொடிக்கு ஏறக்குறைய 1,850 அடி வேகம். நூறு கஜத்தில் 2.5 அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பைத் திருப்பி வைத்தால் 150 கஜத்தில் கிட்டத்தட்ட வைத்த இடத்திலேயே விழுகிறது. உதை இருக்கிறது, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்டால் வெண்வால் மானுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

பம்ப் துப்பாக்கிக்கு ரைஃப்ளிங் குழல் தனியாக வாங்கி மாட்டினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். மாட்டலாம், மலிவாகவும் முடியும். ஆனால் பெரும்பாலான பம்புகளில் குழல் கழற்றி மாட்டும் வகை, மேகசின் (தோட்டா அடுக்கும் குழாய்) மூடிதான் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சின்ன ஆட்டம் நூறு கஜத்தில் அங்குலக் கணக்கில் தெரியும். அதனால்தான் சிலர் பட்டறையில் கொடுத்துக் குழலை உலோக ஊசி அடித்து நிரந்தரமாக இறுக்கிவிடுகிறார்கள். ஸ்கோப்பையும் ரிசீவரில் (துப்பாக்கியின் நடு உடலில்) வைக்காமல் குழலோடு சேர்ந்த கேன்டிலீவர் தாங்கியில் வைப்பது இதே காரணத்துக்குத்தான். போல்ட் ஆக்‌ஷனில் இந்தத் தலைவலி இல்லை. குழல் மரை போட்டு இறுகியிருக்கிறது, ஸ்கோப் ரிசீவர் மேல் உட்கார்ந்திருக்கிறது, ட்ரிகர் கண்ணாடித் துண்டு உடைகிற மாதிரி சுத்தமாக விடுகிறது. 1959-ல் இதாக்கா டீர்ஸ்லேயர் வந்தபோது வழவழப்பான குழலைக் கொஞ்சம் இறுக்கமாகத் துளைத்துக் கொடுத்ததே பெரிய முன்னேற்றம். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

சோயா அறுத்த நிலத்தின் ஓரத்தில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், பெட்டை மான் ஒன்று 120 கஜம் தள்ளிப் பக்கவாட்டில் நின்றது. ரைஃப்ளிங் இல்லாத வெறுங்குழலும் அதற்கான ஃபாஸ்டர் ஸ்லக்கும் கையில் இருந்திருந்தால் ட்ரிகரிலிருந்து விரலை எடுத்திருப்பேன். 75 கஜத்துக்கு மேல் அந்தச் சேர்க்கையை நான் நம்புவதில்லை, காயத்தோடு மானை இருட்டில் ஓடவிடுவது பாவம். இந்தத் துப்பாக்கியோடு தயக்கமே வரவில்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டது, வேலி தாண்டுவதற்குள் விழுந்துவிட்டது. அந்த நிம்மதிக்காகவே இதைக் கும்பிடலாம்.

இனி வயிற்றெரிச்சல். ரைஃப்ளிங் குழல் ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த தோட்டாவைத்தான் ஏற்கும். கடையில் கிடைக்கிற சேபோ ஸ்லக் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று நூறு கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள் மூன்று துளை போட்டது. அதே எடை, அதே வேகம் என்று பெட்டியில் அச்சடித்த இன்னொன்று எட்டு அங்குலத்துக்குச் சிதறியது. துப்பாக்கியும் கையும் பெஞ்சும் அதேதான். பிளாஸ்டிக் உறை ரைஃப்ளிங்கை எப்படிக் கவ்வுகிறது, வெளியே வந்ததும் எப்படிக் கழன்று விழுகிறது என்பதில்தான் வித்தியாசம், அதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. சுட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெட்டியில் இருப்பது ஐந்தே தோட்டா. ஒரு தோட்டா மூன்று டாலருக்குக் குறைந்து கிடைத்தால் அதிர்ஷ்டம். குறி சரிபார்க்கிற ஒரு மதியத்திலேயே நல்ல ஒரு ஜோடி பூட்ஸின் விலை புகையாகிவிடும்.

சரி, பிடித்ததைக் கண்டுபிடித்தாயிற்று, இனி அதையே வாங்கிக்கொண்டிருக்கலாம் என்று பார்த்தால், நவம்பரில் அந்தத் தட்டு காலி. 12 கேஜ் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும், 20 கேஜில் எனக்கு வேண்டியது மட்டும் இருக்காது. "இதுவும் அதே மாதிரிதான், எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் வேறொன்றை நீட்டும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அதே மாதிரி இல்லை! அதைத்தான் அட்டைக் குறியில் எட்டு அங்குலத்துக்குப் பார்த்தேனே.

சுத்தம் செய்வதும் தனி வேலை. ரேஞ்சில் ஒரு பத்துப் பன்னிரண்டு தோட்டா போனதும் குழலுக்குள் வெண்கல பிரஷ் விட்டு இழுத்தால் சாம்பல் நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் சுருண்டு சுருண்டு வரும், பெயிண்ட் உரிந்த மாதிரி. ரைஃப்ளிங்கின் பள்ளத்தில் அப்பிக் கிடக்கும். அதை எடுக்காமல் விட்டால் குறி மெல்ல மெல்லக் கலையும். எடுத்துவிட்டால், சுத்தக் குழலிலிருந்து போகும் முதல் தோட்டா சற்றுத் தள்ளிப் படும். என்னுடையதில் அப்படித்தான். எனவே சுத்தம் செய்தபின் அழுக்காக்க இரண்டு தோட்டா, அதாவது இன்னும் ஆறேழு டாலர், சுட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் போகிறேன்.

இவ்வளவையும் முன்பு பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒஹாயோவில் மானுக்கு ரைஃபிளே கூடாது என்று இருந்தது. வீடும் வயலும் கலந்து கிடக்கும் தட்டை நிலம், ரைஃபிள் குண்டு வெகுதூரம் போகும் என்ற பயம். 2014-ல் நேர்ச்சுவர் உறை (மேலே கழுத்துப் போலக் குறுகாத உறை) கொண்ட தோட்டாக்களுக்கான ரைஃபிள்களை அனுமதித்துவிட்டார்கள். 2019-ல் அந்த வகையில் .350 லெஜண்ட் என்ற தோட்டா வந்தது. பெட்டிக்கு 20 தோட்டா, உதை குறைவு, பிளாஸ்டிக் உரசல் இல்லை, பெட்டியை மாற்றினாலும் குறி இவ்வளவு ஆடுவதில்லை. கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டுமென்றால் .450 புஷ்மாஸ்டர் இருக்கிறது. அயோவா 2017-லும், இல்லினாய்ஸ் 2023-ல் ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு மட்டும் என்றும், இதே பாதையில் வந்துவிட்டன.

அதனால் டேட்டன் நண்பருக்கு என் பதில்: வேண்டாம் தம்பி. இத்தனை நல்ல துப்பாக்கியைப் பற்றி இப்படிச் சொல்ல மனசு கஷ்டப்படுகிறது, ஆனாலும் வேண்டாம். அந்தத் தள்ளுபடியை இரண்டே சீசனில் தோட்டா விழுங்கிவிடும். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி மாதிரி இன்னும் மானுக்கு ரைஃபிள் அனுமதிக்காத மாநிலத்தில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லியிருப்பேன்.

நான் மட்டும் விற்கப்போவதில்லை. மீறி நீங்களும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஆகஸ்டுக்குள் உங்கள் குழலுக்குப் பிடித்த ஸ்லக்கைக் கண்டுபிடியுங்கள். பிறகு பெட்டி மடிப்பில் இருக்கும் லாட் எண்ணை (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் எண்) பார்த்து, ஒரே எண்ணில் மூன்று சீசனுக்கு ஆகிற அளவு வாங்கி, சூடும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். ஸ்கோப் தாங்கியின் திருகுகளுக்கு லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள், ஸ்லக்கின் உதையில் அவை தளரும். ஒஹாயோவில் குழலில் ஒன்று, மேகசினில் இரண்டு, மொத்தம் மூன்றுக்கு மேல் போடக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.