ஹெல்டைவர்ஸ் 2: ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் விளையாடிய பின்

ஹெல்டைவர்ஸ் 2 கணினிக்கும் பிளேஸ்டேஷன் 5-க்கும் வெளியானது 2024 பிப்ரவரி 8 அன்று. நான் அதை வாங்கியது அதற்கு அடுத்த மாதம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் எனக்குச் சுடும் விளையாட்டுகளில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் மாமா மகன் வற்புறுத்தியதால்தான் வாங்கினேன். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டான். இன்று கணக்கில் 600 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. அந்த எண்ணைப் பார்க்கும்போது சற்றே கூச்சமாக இருந்தாலும், இவ்வளவு காலம் எங்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கதையாக அதிகம் சொல்வதற்கில்லை. எதிர்காலத்தில் 'சூப்பர் எர்த்' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் பூமி, விண்மீன் மண்டலம் முழுவதும் ஜனநாயகத்தைப் பரப்புவதாகச் சொல்லிக்கொண்டு கிரகம் கிரகமாகப் படையை இறக்குகிறது. அந்த ஜனநாயகத்தில் குடிமகன் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். அவன் வாக்கு யாருக்கு என்பதை இயந்திரமே முடிவு செய்துவிடும். நையாண்டி முழுவதும் இந்த ரகம்தான். எதிரிகளாகப் பூச்சியினமான டெர்மினிட்களும், இயந்திரப் படையான ஆட்டோமட்டான்களும் வருகிறார்கள்; வேற்றுலக வாசிகளான இலூமினேட் பின்னர் வந்து சேர்ந்தார்கள். 2015-இல் வந்த முதல் பாகத்தில் களத்தை மேலிருந்து பார்த்து ஆட வேண்டும். இதில் பார்வை வீரனின் தோளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஓர் அணியில் அதிகபட்சம் நான்கு பேர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் கையில் இருக்கும் துப்பாக்கி சுமார்தான். உண்மையான பலம் மேலே சுற்றிவரும் கப்பலிலிருந்து வருகிறது. அதை வரவழைக்கத் திசைவிசைகளால் ஆன ஒரு குறியீட்டை அழுத்த வேண்டும். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு மேல், வலம், கீழ், கீழ், கீழ் என்று பிசகாமல் அழுத்தினால், கையில் ஓர் உருண்டை வரும். அதை எறிந்த இடத்தில் 500 கிலோ குண்டு விழும். தோட்டா வேண்டுமென்றால் கீழ், கீழ், மேல், வலம். இறந்துபோன கூட்டாளியை மீண்டும் இறக்க மேல், கீழ், வலம், இடம், மேல். ஓர் அழுத்தம் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுதும்போது எளிதாக இருக்கிறது. லாரி அளவுள்ள பூச்சி ஒன்று முட்ட வரும்போது, பழகிய விரல்கூட இடப்பக்க விசைக்குப் பதில் வலப்பக்க விசையை அழுத்திவிடும்.

கணினியில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாங்கிய நிலையில், குறியீட்டுக்கும் நடப்பதற்கும் ஒரே நான்கு எழுத்து விசைகள்தான். ஆகவே குறியீடு அழுத்தும்போது கால் நின்றுவிடும். அமைப்புகளில் போய்க் குறியீட்டை அம்புக்குறி விசைகளுக்கு மாற்றிக்கொண்டால் ஓடிக்கொண்டே அழுத்தலாம், ஆனால் வலக்கை மவுஸை விட்டுவிட வேண்டும். நான் இரண்டாவது முறைக்கு மாறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அதையே சொல்வேன். எந்த முறையாக இருந்தாலும் அந்த இரண்டு மூன்று விநாடிகள் நான் நிராயுதபாணி. அந்த நேரத்துக்கு என் முதுகைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் தேவைப்படுகிறார் என்பதில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. குறி பார்த்துச் சுடுவதில் எங்கள் மூவரில் நான்தான் மட்டம். ஆனால் யார் எப்போது குறியீட்டுக்குப் போகிறார்கள் என்று கவனித்து அந்தப் பக்கம் திரும்பி நிற்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது, அது போதுமானதாக இருக்கிறது.

தன் அணியினர் சுட்டாலும் சாவு நிச்சயம் என்பதும், அதை அணைத்து வைக்க வழியே இல்லை என்பதும் இதே திட்டத்தின் மறுபாதி. ஓர் இரவு தம்பி 380 மில்லிமீட்டர் பீரங்கித் தாக்குதலை அழைத்தான். அது பரந்த வட்டத்தில் கண்மூடித்தனமாகக் குண்டு பொழியும் வகை. அவன் எறிந்த உருண்டை பாறையில் பட்டுத் தெறித்து எங்கள் காலடிக்கே உருண்டு வந்தது. சிவப்பு ஒளிக்கம்பம் எங்கள் நடுவிலேயே எழுந்தது. "மச்சான், ஓடு!" என்று மாமா மகன் கத்தினான். "எந்தப் பக்கம்டா?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் மூவரும் போய்ச் சேர்ந்தோம். "ண்ணா, பாறை இருந்தது தெரியல" என்று தம்பி சொன்ன சமாதானத்தை இன்றுவரை வீட்டில் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். தோட்டா மாற்றும்போது பழைய உறையில் மீதமிருக்கும் தோட்டாக்கள் போயே போய்விடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நான்கு தோட்டா சுட்டவுடன் அனிச்சையாக மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் முதல் வாரத்திலேயே வெறுங்கையோடு நிற்பார்கள்.

உலகம் முழுவதும் விளையாடுபவர்களின் வெற்றிகள் ஒரே போர் வரைபடத்தில் சேர்கின்றன. மாலெவலான் கிரீக் என்ற காட்டுக் கிரகம் கைவிட்டுப் போய், 2024 ஏப்ரல் தொடக்கத்தில் மீட்கப்பட்டது இப்படித்தான். 2025 மே மாதம் எதிரிகள் பூமிக்கே வந்தபோது, ஷாங்காய் இருக்கும் இடத்தில் அமைந்த நகரத்தைக் காக்கச் சீன நாட்டு விளையாட்டாளர்கள் திரண்டு நின்றதைக் கண்டு நாங்களும் அங்கேயே போய் இறங்கினோம். எங்கள் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம்தான் என்று தெரிந்தும், மறுநாள் காலையில் வரைபடத்தைத் திறந்து பார்க்கும் ஆவல் குறையவில்லை.

அதே போர் நாம் இல்லாவிட்டாலும் நடக்கும் என்பதை 2024 நவம்பர் கடைசியில் உணர்ந்தேன். ஃபெஞ்சல் புயல் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது; அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணை பெருகிக் கடலூரையும் சூழ்ந்தது. எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை, மாமா வீட்டில் தரைத்தளச் சாமான்களை மாடிக்கு ஏற்றும் வேலை. இரண்டு வாரம் யாரும் கணினியைத் தொடவில்லை. திரும்பி வந்தபோது டிசம்பர் 12 அன்று இலூமினேட் வந்து சேர்ந்திருந்தார்கள். அதைத் தவிர நாங்கள் எதையும் இழந்திருக்கவில்லை. வேறு பல இணைய விளையாட்டுகளில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்தால் பருவகாலப் பரிசுகள் காலாவதியாகிவிடும். இதில் 'வார்பாண்ட்' எனப்படும் ஆயுதத் தொகுப்புகள் காலாவதி ஆவதே இல்லை. அவற்றைப் பணம் கொடுத்தும் வாங்கலாம், களத்தில் பத்துப் பத்தாகப் பொறுக்கிச் சேர்த்த நாணயங்களைக் கொடுத்தும் வாங்கலாம். ஒரு தொகுப்புக்குப் பொதுவாக 1,000 நாணயங்கள். பொறுக்கும் வேலை அலுப்பானது. ஆனாலும் தொடக்க விலையைத் தவிர நான் ஒரு தொகுப்புக்கு மட்டுமே பணம் செலுத்தியிருக்கிறேன்.

ஆயுதங்களின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் விவகாரம் 2024 கோடையில் பலரைச் சலிப்படைய வைத்தது. ஆகஸ்டில் 60 நாள் சீர்திருத்தத் திட்டம் அறிவிக்கப்பட்டு, செப்டம்பரில் பெரும்பாலான ஆயுதங்கள் மீண்டும் வலுப்பெற்றன. அதற்குப் பின் எனக்குக் குறையில்லை.

கணினி வட்டில் பிடித்த இடம்தான் நெடுநாள் உறுத்தல். 154 ஜிபி வரை வளர்ந்துவிட்டது. என்னுடைய 512 ஜிபி எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத வட்டு) அது மூன்றில் ஒரு பங்குக்கு நெருங்கும். காரணம் விசித்திரமானது. பழைய சுழல் வட்டுகளில் ஊசி அங்குமிங்கும் அலையாமல் இருப்பதற்காக, விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒரே கோப்பைப் பல இடங்களில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் ஏற்றும் நேரத்தில் பெரும்பகுதி களத்தை உருவாக்குவதில்தான் செல்கிறது என்று பின்னர் அளந்து பார்த்து, 2025 டிசம்பரில் நகல்களை நீக்கிய பதிப்பை வெளியிட்டார்கள்: 23 ஜிபி. அன்று மாலையே மாற்றிக்கொண்டேன். என் எஸ்எஸ்டியில் ஏற்றும் நேரத்தில் எந்த வேறுபாடும் தெரியவில்லை.

மின்வெட்டு நேரங்களில் மோடம் மட்டும் இன்வெர்ட்டரில் உயிரோடிருக்கும், கணினி போய்விடும். மின்சாரம் திரும்பியதும் நடந்துகொண்டிருக்கும் அதே பணியில் மீண்டும் சேரலாம். ஆனால் களத்தில் இருப்பவர் யாராவது அந்த ஐந்து விசைகளை அழுத்தி என்னை இறக்க வேண்டும். மாமா மகனின் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். உறுப்புகள் சிதறும் விளையாட்டு என்பதால் அவளுக்குத் திரைப்பக்கம் வர அனுமதியில்லை. காதில் விழுவதை யாராலும் தடுக்க முடியவில்லை. சென்ற சனிக்கிழமை நான் கறுத்த திரையின் முன் காத்திருந்தபோது, அவன் மைக்கின் வழியாக அடுத்த அறையிலிருந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரல் கேட்டது: "மேல, கீழ, வலது, இடது, மேல. அப்பா, மாமாவ எறக்கு!"