கோட் சரி, கலர்தான் சரியில்லை: யாழ்ப்பாணத்தில் கார் பெயின்ற் பொருத்தும் வழிகள்

இணுவில் சந்திக்குக் கிட்ட, வெங்காய மூட்டை ஏற்றி வந்த லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு மெசின்) ஒன்று தன் பெட்டியின் மூலையால் என் காரின் இடது பின்கதவை ஒரு முழத்துக்குக் கீறிவிட்டது. ஓட்டிவந்த ஐயா இறங்கி வந்து, கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பெரிசா ஒண்டுமில்லைத் தம்பி, ஒரு பூச்சுப் பூசினாச் சரி" என்றார். அந்த ஒரு பூச்சுக்கு எனக்கு மூன்று மாதம் பிடித்தது. இடையில் நான்கு வழியையும் பார்த்துவிட்டேன்: ரச்சப் போத்தல், காரின் கலர் கோட்டை (நிறத்தின் குறியீட்டு எண்ணை) சொல்லிக் கலந்த ரின், கொழும்பில் மெசின் வைத்து அளந்து கலந்த ரின், கடைசியில் கண்ணால் பார்த்துக் கலக்கும் கை.

கார் வெள்ளிநிற ரொயோட்டா அக்சியோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் என்னைப்போலப் பலர் இருந்த காரையே பூசி மெழுகி ஓடினோம். ஆகவே இங்கே கலர் பொருத்துவது என்றால் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருசம் வெயில் குடித்த காருக்குத்தான். எந்த வழியைப் பார்த்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரச்சப் போத்தலும் ஸ்பிறே ரின்னும்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நகப்பூச்சுப் போத்தல் மாதிரி, மூடியில் சின்னத் தூரிகையோடு வரும். ஏ9 வீதியில் லொறிக்குப் பின்னால் போய்க் கல் தெறித்த இடத்தில் துரு பிடிக்காமல் ஒரு பொட்டு வைக்க நல்லது. ஒரு முழக் கீறலுக்கு வைத்தால் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரித்தான் இருக்கும். வெள்ளி நிறத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் தூரிகையால் இழுக்கும்போது உள்ளே இருக்கும் அலுமினியத் துகள்கள் தாறுமாறாகப் படுத்து, கறுப்புக் கோடாகத் தெரியும்.

ஸ்பிறே ரின் கொஞ்சம் மேல். ஆனால் சாதாரண ரின்னில் வரும் கிளியரில் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாப் பூச்சில்) அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் இல்லை. பெற்றோல் மூடிக்குப் பக்கத்தில் அதை அடித்துவிட்டு, பெற்றோல் அடிக்கும்போது நாலு சொட்டுச் சிந்தினால் மேல்பூச்சு இளகிவிடும். ஹார்ட்னரோடு வரும் ரின்களும் உண்டு. ஆனால் ரின்னில் உள்ள குமிழை அமத்தி ஹார்ட்னரை உடைத்துக் கலந்தபிறகு வைத்து வைத்துப் பாவிக்க முடியாது. அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் என்ற இரசாயனம் நெஞ்சுக்கு ஆகாதது. கொரோனாக் காலத்து முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு அதை அடிக்க வேண்டாம்.

கோட் சொல்லிக் கலப்பது

உண்மையான போட்டி இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான கார்களில் கலர் கோட் பொறித்த தகடு ஒன்று இருக்கும். ரொயோட்டாவில் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையின் பின்சுவரிலோ பார்க்கலாம்; சி/ரிஆர் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் முதலில் வருவது கலர், அடுத்தது உள் அலங்காரம். என் காரில் 1எஃப்7. ஊரில் ஓடும் வெள்ளி ரொயோட்டாக்களில் கனக்க அதுதான். வெற்று வெள்ளை என்றால் 040, முத்து வெள்ளை என்றால் 070.

கடையில் கோட்டைச் சொன்னதும் கொம்பியூட்டரில் தட்டினார்கள். ஒரு கோட்டுக்கு ஒரு கலவை என்றுதான் நான் நினைத்திருந்தேன். திரையில் நான்கு வந்தது. ஒரே பெயரில் வந்தாலும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, வருசத்துக்கு வருசம் நிறம் கொஞ்சம் விலகும். ஒன்று மஞ்சள் பக்கம், ஒன்று நீலப் பக்கம், ஒன்று துகள் பெரிது. பெயின்ற் கொம்பனிகள் இவற்றைத் தனித்தனிக் கலவைகளாகப் பதிந்து வைத்திருக்கின்றன. ஒழுங்கான கடையில் அவற்றின் மாதிரி அட்டைகளைக் கொண்டுவந்து கார்மேல் வைத்துப் பார்த்துத் தெரிவார்கள். நான் போன கடையில் பொடியன் முதலாவது வரியைத் தெரிந்தெடுத்துவிட்டுத் தராசை இயக்கினான்.

தராசு கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். சின்ன அளவில் கலந்தால் அதுவே பொறி. 100 கிராம் கலவையில் ஒரு சொட்டுக் கறுப்புக் கூடினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு கிலோவில் தெரியாது. ஒரு கதவுக்குக் கால் லீற்றர் கலர் போதும் என்றாலும் நான் அரை லீற்றர் கலக்கச் சொல்வேன். மிச்சம் பிறகு உதவும். அடுத்த கீறல் வராமலா போகும்?

ரின்னை அருகில் இருந்த கராஜில் கொடுத்தேன். அடித்து முடித்து மாலையில் தந்தார்கள், ரியூப் லைற்றில் அருமை. அடுத்தநாள் காலையில் முற்றத்தில் பார்த்தால் நேரே நின்று பார்க்கும்போது கதவு வெளுப்பு, பின்பக்கம் போய்ச் சரிவாகப் பார்த்தால் கறுப்பு. வேறு காரின் கதவைக் கழற்றிப் பூட்டிய மாதிரி. "கோட் பிழையாயிருக்கும்" என்றது கராஜ். "அடிச்சது பிழையாயிருக்கும்" என்றது கடை. இரண்டு பேரும் காசைத் திருப்பித் தரவில்லை.

கொழும்பு மெசின்

அடுத்தது ஸ்பெக்ரோ என்று சொல்லும் கருவி. கையில் பிடிக்கக்கூடிய அளவு. காரின் மேல் வைத்து அமத்தினால் பல கோணங்களில், நல்லவற்றில் 15 பாகையிலிருந்து 110 பாகை வரை ஐந்து கோணங்களில், நிறத்தை அளக்கும். அந்த அளவைக் கலவைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டு, மிகக் கிட்டியதை எடுத்து, தேவையானால் திருத்தியும் தரும். விலகலை டெல்ரா ஈ என்ற எண்ணாகச் சொல்வார்கள்; ஒன்றுக்குக் கீழே என்றால் பெரும்பாலான கண்களுக்குப் பிடிபடாது.

காரைக் கொண்டுபோக வேண்டியதில்லை. பெற்றோல் மூடியைக் கழற்றிப் பழைய துவாயால் சுற்றி, இரவு பஸ்ஸில் பார்சலாக விட்டேன். நாலு நாள் பெற்றோல் வாய் தெரிய, அதற்கு ஒரு பொலித்தீன் பையை ஒட்டிக்கொண்டு ஓடினேன். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து அழைப்பு: மூடியில் வெண்புள்ளி, மெசின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறது. விசயம் விளங்கியது. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கழுவிவிட்டுத் துடைக்காமல் வெயிலில் விட்டால் சொட்டுச் சொட்டாக வெள்ளைக் கறை பிடிக்கும். மெசினுக்குக் கறை வேறு, கலர் வேறு என்று தெரியாது; கண்டதை அளக்கும். மூடி திரும்பி வந்து, பாதியை மட்டும் கொம்பவுண்ட் போட்டு மினுக்கி, மறுபடி பஸ் ஏறியது.

வந்த ரின் கோட் ரின்னைவிடக் கிட்ட இருப்பதாகத்தான் அப்போது எனக்குப் பட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பஸ் கூலி தனி.

கையும் கண்ணும்

இரண்டு ரின்னையும் எடுத்துக்கொண்டு கொக்குவில் பக்கம் ஒரு வயதான பெயின்ரரிடம் போனேன். கூரைத் தகரம், ஒரு மாமரம், பழைய கொம்பிறெசர். கதவைப் பார்த்தார், ரின்களைப் பார்த்தார்.

"கோட் எல்லாம் சரிதான் தம்பி. ஆனா உங்கட கார் கோட்டில நிக்கேல்லையே, வெயிலில எல்லே நிண்டது."

"அப்ப கொழும்பு ரின் சரிதானே அண்ணை? அது வெயில்பட்ட மூடியைப் பார்த்துக் கலந்தது."

"மூடி சரி. கதவுக்கு ஆர் அளந்தது?"

முதலில் முன்கதவில் ஒரு கையகலத்துக்கு மினுக்கினார், அதுவும் பட்டும்படாமல். தொழிற்சாலைப் பூச்சு முழுதும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரோன்தான், அதில் மேலே உள்ள கிளியர் 50க்கும் குறைவு. அழுத்தித் தேய்த்தால் கலரே வந்துவிடும். பிறகு அவர் செய்தது நான் எதிர்பார்க்காதது. இரண்டு ரின்னிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, இரண்டு தகரத் துண்டுகளில் ஒரே ஸ்பிறே கன்னால், ஒரே காற்றழுத்தத்தில் அடித்து, காயவிட்டு, கிளியரும் அடித்து, கதவோடு பிடித்தார். மரநிழலில் ஒரு தடவை, காலை வெயிலில் ஒரு தடவை. நேரே, சரிவாக, குந்தியிருந்து. எனக்கு இரண்டு துண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது, ஆனால் மயிரிழை என்றார்.

அதாவது நான் மூன்று கிழமை திட்டித் தீர்த்த முதல் ரின் பெரிய பிழை ஒன்றும் செய்யவில்லை. அடித்த விதம்தான் பிழை. வெள்ளிநிறம் மாதிரித் துகள் கலந்த மெற்றாலிக்கில் அரைவாசி நிறம் ரின்னுக்குள் இல்லை. துகள் எப்படிப் படுக்கிறது என்பதில் இருக்கிறது. உச்சி வெயிலில், சீக்கிரம் பறக்கும் ரின்னர் (பெயின்ரை இளக்கும் திரவம்) ஊற்றி, அழுத்தத்தைக் கூட்டி அடித்தால் பூச்சு உலர்வாக விழும். துகள் மேலேயே தட்டையாகப் படுத்து நேரே வெளுப்பும் சரிவில் கறுப்பும் காட்டும். ஈரமாக, கனமாக அடித்தால் துகள் உள்ளே அமிழ்ந்து நேரே மங்கலாகும். யாழ்ப்பாணத்து ஏப்ரல் மாதத்துக்கு மெதுவாகக் காயும் ரின்னர் வேண்டும், இல்லாவிட்டால் காலை ஆறு மணிக்கு அடிக்க வேண்டும். அவர் இரண்டையும் செய்தார்.

முதல் ரின்னையே எடுத்து ஒரு சொட்டு வெள்ளை விட்டார், சரிவில் தெரியும் கறுப்பைத் தெளியவைக்க. குச்சி முனையில் தொட்டு மஞ்சள், கிழண்டிப்போன கிளியருக்கு. ஈரக் கலரை வைத்து ஒரு முடிவும் சொல்லவில்லை; ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு தகரத் துண்டு, ஒவ்வொரு துண்டும் காயும்வரை ஒரு பிளேன்ரீ. போரில் பாதை பூட்டியிருந்த காலத்தில் கிடைத்த ஐந்தாறு நிறத்தை வைத்து ஊர் வாகனம் எல்லாம் பொருத்தியதாகச் சொன்னார்.

பிறகு பின்கதவோடு நிற்கவில்லை. கலரை முன்கதவின் பாதிவரையும் பின்மூலைத் தகட்டுக்குள்ளும் மெல்ல மெல்லக் குறைத்துக் கரையவிட்டு, மூன்று பகுதிக்கும் முழுதாகக் கிளியர் அடித்தார். கோடு போட்ட மாதிரி முடியும் இடத்தில்தான் கண் வித்தியாசத்தைப் பிடிக்கும். கோடு இல்லாவிட்டால் சிறு விலகல் கண்ணுக்கு அகப்படாது. நான் முதலில் போன கராஜ் இதைச் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை, ஒரு கதவுக்குத்தானே காசு என்று சந்தோசப்பட்டேன்.

கை வழிக்கும் குறை உண்டு. அவர் போட்ட சொட்டுகளை யாரும் எழுதி வைக்கவில்லை; அடுத்த முறை மறுபடி ஆனா ஆவன்னாவிலிருந்துதான். பின்னேரம் ரியூப் லைற்றில் கண்ணால் பொருத்தினால், தொழிற்சாலை போட்ட நிறப்பொடி வேறு, இங்கே கலந்தது வேறு என்பதால், ஒரு வெளிச்சத்தில் ஒத்து இன்னொன்றில் விலகும். அப்படிப் பொருத்துபவரிடம் கொடுப்பதைவிடக் கோட் ரின் எவ்வளவோ மேல்.

எந்தக் காருக்கு எது

040 போன்ற வெற்று வெள்ளைக்கும் கறுப்புக்கும் கோட் போதும். துகள் இல்லை, கோண விளையாட்டு இல்லை. பழைய வெள்ளை மஞ்சளடித்திருந்தால் மட்டும் ஒரு சொட்டுத் திருத்தம்.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் மாதிரிப் பழைய கார்கள் வைத்திருப்பவர்களுக்குக் கண்தான் வழி. தகடு இருந்தாலும் அதற்குப் பிறகு எத்தனை கலர் ஏறியதோ. டாஷ்போட்டுக்குக் கீழே, நம்பர் பிளேற்றுக்குப் பின்னால் பார்த்தால் வெயில் படாத பழைய நிறம் அகப்படும். அவற்றுக்கு லாக்கர் என்ற பழைய வகைப் பெயின்ற் அடிப்பவர்கள் கார்த்திகை மாரியில் அடிக்க வேண்டாம். காற்றில் உள்ள ஈரம் மேலே வெண்புகையாகப் படியும்.

070 மாதிரி முத்து வெள்ளை வேறு கதை. கீழே வெள்ளை, நடுவில் முத்துப் பூச்சு, மேலே கிளியர். நடுப்பூச்சு ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நிறம் மாறும். ரின் எவ்வளவு சரியாக இருந்தாலும், ஒன்று, இரண்டு, மூன்று பூச்சு என்று படிப்படியாக அடித்த மாதிரித் தகட்டைக் காரோடு பிடித்துக் காட்டாத கராஜில் அதைக் கொடுக்க மாட்டேன். கொழும்பு மெசினுக்குக் காசு செலவழிப்பது என்றால் இதற்குச் செலவழிக்கலாம். என் வெள்ளிக்கு அது வீண்செலவு. அந்தக் காசைக் கரையவிடும் வேலைக்கும் நல்ல கிளியருக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

யப்பானில் பாவித்து வந்த கார் என்றால், அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையைக் குறித்த ஏலத் தாளையும் எடுத்துப் பாருங்கள். டபிள்யூ என்று குறித்த பகுதி ஏற்கெனவே திருத்தப்பட்டது; அதோடு கலர் பொருத்தினால் பிழையோடு பிழையைப் பொருத்துவீர்கள். பம்பரையும் அளவுகோலாக எடுக்க வேண்டாம். பிளாஸ்ரிக்கைத் தகட்டோடு சேர்த்து 140 பாகைச் சூட்டில் வேகவைக்க முடியாது, தனியாகத்தான் பூசுவார்கள். அதனால் புதுக் காரிலேயே பம்பர் ஒரு மாற்றுக் குறைவாக இருக்கலாம். இடிபட்ட பிறகுதான் நாங்கள் அதை உற்றுப் பார்க்கிறோம்.

கதவு இப்போது நன்றாக இருக்கிறது. காரைச் சுற்றிவந்து பார்ப்பவர்களில் யாரும் அதைக் காட்டுவதில்லை. பாதி மட்டும் மினுக்கிய பெற்றோல் மூடியைத்தான் எல்லோரும் காட்டி, "இதையோ பெயின்ற் அடிச்சது? கலர் சேரேல்லையே" என்கிறார்கள்.