நெல்லைக்குக் காரில்: ராத்திரியே கிளம்பலாமா, விடியற்காலையிலா?

அரையாண்டு லீவு விட்டதும் சென்னையிலிருந்து திருநெல்வேலி ஆச்சி வீட்டுக்குக் காரில் போவது எங்கள் வழக்கம். சுமார் 620 கிலோமீட்டர். எப்போது கிளம்புவது என்பதில்தான் வருடாவருடம் பேச்சு.

ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். வெயில் இல்லை. காலைப் பலகாரத்துக்கு ஆச்சி வீட்டில் இருக்கலாம். ஆனால் மார்கழியில் விடியும் முன் பனி இறங்கும். ஒருமுறை மேலூர் பக்கம் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஹை பீம் போட்டால் பனியில் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். லோ பீமில் மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். அதோடு, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை கண் தானாகச் சொருகும். டீ குடித்தாலும் அது போகாது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் தாம்பரம் நெரிசலுக்கு முன்பே ஊரைத் தாண்டிவிடலாம். பகல் முழுக்க வண்டியில்தான், பிள்ளைகள் நச்சரிப்பார்கள், சரி. ஆனால் விராலிமலைப் பக்கம் மயில் பார்க்கலாம், கோவில்பட்டியில் இறங்கிக் கடலைமிட்டாய் வாங்கலாம். பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தால் ஆச்சி வாசலிலேயே நிற்பாள்.

மாற்றி ஓட்ட நன்றாகத் தூங்கி எழுந்த இன்னொருவர் இருந்தால் ராத்திரிப் பயணம் பரவாயில்லை. ஒரே ஆள் ஓட்டுவதென்றால் விடியற்காலைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.