மைக்ரேனுக்கு ‘பேக்கேஜ்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்

பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் கவனத்துக்கு. இந்திராநகர் பக்கம் ஒரு தலைவலி கிளினிக்கில் என் தங்கையிடம் 48,000 ரூபாய் கறந்துவிட்டார்கள். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் விடுங்கள்.

அவளுக்கு ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும், வாந்தி வரும், வெளிச்சமே ஆகாது. அந்த வரவேற்பறையிலோ கண்ணைக் கூசும் விளக்கு, அலறும் டிவி, மூக்கைத் துளைக்கும் ரூம் ஸ்ப்ரே. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்காரர்களை உட்கார வைக்கிற லட்சணம்!

டாக்டர் தலையைக் காட்டியதோடு சரி. மீதியெல்லாம் ‘கவுன்சலர்’தான். “நமக்கும் சேலம் பக்கம்தாம்மா” என்று தமிழிலேயே ஒட்டிக்கொண்டார். வலி எத்தனை மணி நேரம் இருக்கிறது, மாதத்தில் எத்தனை நாள் வருகிறது, என்ன மாத்திரை போடுகிறாய் என்று ஒரு கேள்வி இல்லை. எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனை, ஆறு மாத ‘நரம்பு சிகிச்சை’. தயங்கினதும், “உள்ளே கட்டி கிட்டி இருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று பயமுறுத்திவிட்டு இஎம்ஐ படிவத்தை நீட்டினார்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. மாத்திரை வந்தது பழுப்புக் காகித உறையில். மேலே பேனாவால் ‘காலை 1, இரவு 1’. மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. சீட்டில் எழுதித் தரச் சொன்னால், “அது எங்க ஃபார்முலா மேடம்”. வலி குறையவில்லை, பணத்தைக் கேட்டால் “பேக்கேஜ் ஆரம்பிச்சாச்சு”.

அப்புறம் நிம்ஹான்ஸ் என்ற அரசு மனநல, நரம்பியல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே கேள்விகள்தான் பரிசோதனையே. வலி 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிப்பது, நடந்தால் கூடுவது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போவது என்று கேட்டே மைக்ரேன் என்று சொல்லிவிட்டார்கள். பழைய மாத்திரை என்னவென்று கேட்டபோதுதான் முழித்தோம். சாதாரண வலி மாத்திரையே மாதத்தில் 15 நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவருமாம். உறைக்குள் இருந்தது அதுதானா என்று யாருக்குத் தெரியும்? ஆஸ்துமா உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாத புரோப்ரனலால் மாத்திரையை எழுதினார்கள். பெயர் தெரியாத மாத்திரையில் இந்த விசாரணைக்கு எங்கே போவது?

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. திடீரென்று உச்சத்துக்குப் போகும் வலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து இறுகுவது, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் டாக்டர் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. எழுத்தில் கேட்டிருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்தாயிற்று. அதே பழுப்பு உறை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ரசீதோடு இன்பாக்ஸுக்கு வாருங்கள், சேர்ந்தே போவோம்.