திமிங்கல வேட்டை: மறியல் வென்றதா, மோதல் வென்றதா, வழக்கு வென்றதா?

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கியபோது நாங்களும் ஓடினோம். எண்பதுக்கு மேல் கிடந்தன. மீனவர்கள் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டார்கள். விட்டதில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. ஒன்றின் முதுகில் கை வைத்தேன். நனைந்த டயர் மாதிரி வழவழப்பு. மூச்சு விடும்போது தலை மேலிருந்த துளை திறந்து திறந்து மூடியது. அதற்கப்புறம், வேட்டைக் கப்பல்களை மறிக்கப் போனவர்களைப் பற்றி எது கிடைத்தாலும் விடாமல் படிக்கிறேன்.

கடல் மறியல் எங்கள் கரைக்குப் பழக்கமானதுதான். விசைப்படகு கரையை ஒட்டி மடி (இழுவலை) இழுத்தால், நாட்டுப்படகுக்காரர்கள் சுற்றி வளைத்துச் சிறைபிடிப்பார்கள். 2012-ல் இடிந்தகரை மக்கள் கூடங்குளம் அணுமின் நிலையத்தைக் கடல்வழியே முற்றுகையிட்டார்கள்.

திமிங்கல வேட்டையைத் தடுக்க முதல் வழி, குறுக்கே நின்று படம் பிடிப்பது. 1975-ல் கலிபோர்னியாவுக்கு அப்பால் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் இயக்கத்தினர் சோவியத் வேட்டைக் கப்பலுக்கும் திமிங்கலத்துக்கும் நடுவே ரப்பர் படகில் போய் நின்றார்கள். ஈட்டி அவர்கள் தலைக்கு மேலே பறந்தது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. 1982-ல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த வாக்களித்ததில் இப்படிப்பட்ட படங்களுக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அன்று அந்தத் திமிங்கலம் பிழைக்கவில்லை.

இரண்டாவது, சேதப்படுத்துவது. கிரீன்பீஸிலிருந்து பிரிந்த பால் வாட்சன் 1977-ல் தொடங்கிய ஸீ ஷெப்பர்ட் இயக்கத்தினர், 1986-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் துறைமுகத்தில் இரண்டு வேட்டைக் கப்பல்களை மூழ்கடித்தார்கள். ஆனாலும் 2006-ல் ஐஸ்லாந்து மறுபடியும் வணிக வேட்டைக்கு இறங்கியது. 2010-ல் அண்டார்டிக்கில் ஸீ ஷெப்பர்டின் ஆடி கில் படகு ஜப்பானிய வேட்டைப் படையின் கப்பலோடு மோதி முகப்பு பிய்ந்துபோனது. தப்பு யார் மேல் என்று பேசியே செய்தி ஓடியது. திமிங்கலத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அதே இயக்கத்தினர் கையாண்ட மூன்றாவது வழிதான் பலித்தது. ஜப்பானின் நிஷின் மாரு என்ற தாய்க்கப்பலின் பின்புறம் கடல்வரை இறங்கும் ஒரு சாய்தளம் உண்டு. சின்னக் கப்பல்கள் ஈட்டியால் கொன்ற திமிங்கலத்தை அதன் வழியாகத்தான் மேலே இழுத்து அறுப்பார்கள். மறியல் கப்பல் அந்தச் சாய்தளத்துக்கு நேர் பின்னால், மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டே வந்தது. ஏற்ற வழியில்லை என்றால் வேட்டையாடிப் பயன் என்ன? 850-க்கும் மேற்பட்ட திமிங்கலங்களை இலக்கு வைத்திருந்த கப்பற்படை, 2011 பிப்ரவரியில் 172-ஓடு ஊர் திரும்பியது. 2012-13 பருவத்தில் கிடைத்தது 103 மட்டுமே.

வழக்கையும் பார்த்துவிடுவோம். 2014 மார்ச் 31-ல் சர்வதேச நீதிமன்றம், ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில், வணிக வேட்டைக்குத் தடை இருந்ததால் 'ஆய்வு' என்ற பெயரில் ஜப்பான் நடத்திய அண்டார்டிக் வேட்டையை நிறுத்தச் சொன்னது. ஒரு பருவம் ஈட்டி ஓய்ந்தது. அடுத்த பருவத்தில் புதுத் திட்டம் போட்டு 333 திமிங்கலங்களைக் கொன்றார்கள். ஆக, தீர்ப்பு மட்டும் போதவில்லை. மறியலுக்கும் எல்லை தெரிந்துவிட்டது: ஜப்பான் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதாகச் சொல்லி, 2017-ல் ஸீ ஷெப்பர்ட் அண்டார்டிக் பயணத்தைக் கைவிட்டது.

2019-ல் ஜப்பான் ஆணையத்தை விட்டு விலகி, அண்டார்டிக்கையும் விட்டு, சொந்தக் கடலில் வணிக வேட்டை தொடங்கியது. அங்கே இறைச்சிக்குத் தேவை குறைந்துபோனதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். இருந்தாலும், எதிராளியின் கப்பலை உடைக்காமல் வேலையை மட்டும் முடக்கிய அந்தச் சாய்தள மறியலுக்கே என் ஓட்டு.

2024-ல் ஜப்பான் கங்கெய் மாரு என்ற புதுத் தாய்க்கப்பலை வேட்டையில் இறக்கியிருக்கிறது. அண்டார்டிக் வரை போய்வரக்கூடியது. அதற்கும் பின்புறம் சாய்தளம் இருக்கிறது.